ஒதுங்க இடமில்லாத ரோடு

மலைக்குப் பிழைக்க வந்தவன் சைக்கிள் வாங்குவானா? நான் வாங்கினேன். வேலையை விட்டுக் கோட்டயத்துக்கே திரும்பிப் போன கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டர் ஒருவர் அதை என் தலையில் கட்டிவிட்டு, சிரித்த முகத்தோடு பஸ் ஏறினார். அவர் ஏன் அப்படிச் சிரித்தார் என்பது மறுநாள் காலையில் புரிந்தது. ஏற்றத்தில் நான் சைக்கிளைத் தள்ளினேன். இறக்கத்தில் சைக்கிள் என்னைத் தள்ளியது. நான் வந்து சேர்ந்த ஏலப்பாறையில் சமதரை என்று சொல்லத்தக்கது என் தையல் மேசை ஒன்றுதான். அதன்மேல் சைக்கிள் விட முடியாது. கடைத்தெருவில் என்னைக் கண்டால், "தையக்காரர் சைக்கிளை மேய்ச்சலுக்குப் பத்திக்கிட்டுப் போறாரு" என்பார்கள். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் முதலில் ஒரு தடவை சிரித்துவிடுங்கள். நான் இனிச் சொல்லப்போவது ஒரு பழிவாங்கிய கதை. பழிவாங்கப் புறப்பட்டவன் எவ்வளவு பெரிய மடையன் என்று தெரிந்துகொண்டு படித்தால் ஏமாற்றம் இராது.

இங்கே வந்த புதிதில் எனக்கு விளங்காத சங்கதி ஒன்று இருந்தது. மழை கொட்டிக்கொண்டிருக்கும். ரோட்டில் பத்துப் பேர் குடை பிடித்துப் போய்க்கொண்டிருப்பார்கள். தூரத்து வளைவில் மோட்டார் சத்தம் கேட்கும். உடனே அத்தனை பேரும் குடையை மடக்கி, தலைத்துண்டை உருவிக் கக்கத்தில் இடுக்கி, மலையோரத்து ஓடைக்குள் இறங்கி, தலை குனிந்து நனைவார்கள். துரையின் வண்டி சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போனபிறகு ஏறி வந்து குடையை விரிப்பார்கள். மழைக்குத்தானே குடை என்று நான் கேட்டேன். மழைக்குத்தான், ஆனால் மழையைவிடத் துரை பெரியவர் என்றார்கள். குதிரையில் போன காலத்துத் துரைமார் உண்டாக்கிய வழக்கமாம். குதிரை போய் மோட்டார் வந்தும் வழக்கம் போகவில்லை. சைக்கிளில் போகிறவனும் இறங்கித்தான் நிற்கவேண்டும். அந்த ஒரு சட்டத்தை மட்டும் நான் மீறியதே கிடையாது. நான் எப்போது சைக்கிள்மேல் இருந்தேன், இறங்குவதற்கு?

எங்கள் ஊரில் ரோடு என்றால் அது எல்லாருடைய முற்றம். சங்கரன்கோவிலுக்குப் போகும் வண்டிப்பாதையில் மிளகாய் காயும், ஆடு படுத்திருக்கும், யாராவது வழக்குப் பேசிக்கொண்டு நிற்பார்கள். வண்டிக்காரன்தான் காளையை ஒதுக்கி ஓட்டிப்போவான். இதைப் படித்துவிட்டு ஊரார் மீசையை முறுக்க வேண்டாம். அதே ஊரில் பெரிய தெரு என்று ஒன்று இருந்தது. அங்கே தைத்த துணியைக் கொடுக்கப் போகும்போது என் தகப்பனார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடப்பார். கையில் செருப்பைப் பிடிக்கும் வித்தையை அங்கே விட்டுவிட்டு வந்தேன். இங்கே கையில் குடையைப் பிடிக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டேன். நனைந்துகொண்டு நிற்கும்போது இரண்டில் எது மேல் என்று யோசித்திருக்கிறேன். செருப்பு நனையாமலாவது இருந்தது.

என் மனைவி பேச்சியம்மாள் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். அவள் கூலிக்காரி என்ற உரிமையில்தான் எங்களுக்கு லயத்தில், அதாவது எஸ்டேட்டின் வரிசை வீடுகளில், ஒரு அறை. நான் கடைத்தெருவில் தைக்கிறேன். பறித்த கொழுந்தைத் தலைச்சுமையாக எடுத்துக்கொண்டு பெண்கள் பாக்டரிக்கு வரவேண்டும். அதற்கு இருந்தது இந்த மோட்டார் ரோடு ஒன்றுதான். ஒரு பக்கம் மலைச்சுவரும் ஓடையும், மறுபக்கம் பள்ளம். பாதியில் ஒரு கொடும் வளைவு. ஊசி முனை மாதிரித் திரும்பும். கறுப்புக் கம்பளியைத் தலையில் போட்டு, அதன்மேல் கூடையையும் வைத்துக்கொண்டு வருகிறவளுக்குப் பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. காதால்தான் பார்க்கவேண்டும்.

ஆடி மாத மழையில் ஒரு நாள் மத்தியானம் அந்த வளைவில் சின்ன துரையின் மோட்டார் சைக்கிள் வந்தது. எஸ்டேட்டை நடத்துகிற பெரிய துரைக்கு அடுத்தபடி இருந்தவர் அவர்; வயது குறைவு, வேகம் அதிகம். ஓடையில் வெள்ளம் இடுப்பளவுக்குப் பாய்ந்துகொண்டிருந்ததால் பேச்சி பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினாள். ஓரம் பெயர்ந்தது. கூடையோடு உருண்டு தேயிலைச் செடிகளுக்குள் விழுந்தாள். சின்ன துரை வண்டியை நிறுத்தினார். அதுவரை நல்ல மனுஷன்தான். எட்டிப் பார்த்தார். சிதறிக் கிடந்த கொழுந்தைக் கைகாட்டி, அதைச் சேறு படாமல் பொறுக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கூட வந்த பெண்கள் முதலில் பேச்சியைப் பொறுக்கினார்கள். கணுக்கால் எலும்பை வைத்தியர் மூங்கில் வைத்துக் கட்டினார். அது கூடியது, ஆனால் கோணிக் கூடியது. அன்றிலிருந்து அவள் நடக்கும்போது ஒரு பக்கம் சாய்வாள். வேலையை விட்டால் அறை போய்விடுமே என்று அந்தக் காலோடேயே கொழுந்துக்குப் போனாள்.

எனக்கு இரத்தம் கொதித்தது. தையற்காரனுக்குக் கொதித்தால் என்ன செய்வான்? கத்திரியைத் தீட்டுவான். அதிர்ஷ்டவசமாகச் சின்ன துரையின் சவாரிக் கால்சட்டை அப்போது என் கையில் தைக்க வந்திருந்தது. இடுப்பிலும் தொடையிலும் நன்றாகக் குறைத்து வெட்டினேன். மோட்டார் சைக்கிளில் ஏறக் காலைத் தூக்கியதும், பெரிய துரையின் துரைசானி பார்த்துக்கொண்டிருக்க, 'டர்' என்று கிழியவேண்டும் என்பது என் பிரார்த்தனை. தைத்துக்கொண்டே பல தடவை தனியாகச் சிரித்தேன். ஆனால் அந்த மாதம் சின்ன துரைக்கு மலைக்காய்ச்சல் வந்து உடம்பு பாதியாக இளைத்துவிட்டது. கால்சட்டை கச்சிதமாகப் பொருந்தியது. இவ்வளவு கணக்காக வெட்டியவன் இந்த மலையிலேயே இல்லை என்று மெச்சி, அதே அளவில் இன்னும் இரண்டு தைக்கச் சொல்லி அனுப்பினார். என் பழி மூன்று கால்சட்டைகளாகப் பெருகிற்று.

சரி, நியாயமான வழியில் போவோம் என்று புத்தி வந்தது. லயத்திலிருந்து பாக்டரிக்குத் தேயிலைக்கு ஊடே ஒரு நடைபாதை வெட்டினால் போதும். ஒரு வரிசைச் செடியைப் பிடுங்கினால் பாதை வந்துவிடும். சவாரி போகிறவன் ரோட்டில் போகட்டும், நடக்கிறவள் பாதையில் போகட்டும். ரோட்டை மேற்பார்க்கிற மகாராஜா சர்க்காரின் மராமத்து ஓவர்சியர் பீருமேட்டிலிருந்து வந்தபோது போய்க் கும்பிட்டேன். அவர் மலையாளத்தில் கேட்டார், நான் தமிழில் சொன்னேன், தலையாட்டிக்கொண்டே வந்தோம். வண்டி போகாத இடத்தில், மனுஷர் மட்டும் போகிற மாதிரி, ஒரு பாதை வேண்டும் என்றேன். அவர் முகம் மாறியது. என்னை மேலும் கீழும் பார்த்தார். சைக்கிளையும் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "புகையிலையோ?"

அவர் மேல் குற்றமில்லை. குமுளிச் சாவடியில் சுங்கம் கட்டாமல் கம்பத்துப் புகையிலையைக் கொண்டுவருகிறவர்களைத் தவிர, நல்ல ரோடு இருக்கும்போது வேறு பாதை கேட்டவர்களை அவர் தம் உத்தியோகத்தில் கண்டதில்லை. காலுக்காகப் பாதை என்று எவ்வளவோ சொன்னேன். சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம் வலுத்தது. கடைசியில் சைக்கிள் சாமான் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். அதற்குள் சின்ன துரையின் கால்சட்டை இருந்தது. அதைக் கண்டதும் எழுந்து நின்று எனக்கு வழி விட்டார். அந்த மலையில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது.

பிறகு மாடசாமிக் கங்காணியிடம் போனேன். எங்களையெல்லாம் ஊரிலிருந்து கூட்டிவந்தவர் அவர். துரையிடம் பேசும் வாயும் அவருக்குத்தான் உண்டு. வெற்றிலையை மென்று முடிக்கும்வரை கேட்டுவிட்டுச் சொன்னார்:

"செடியப் புடுங்கச் சொல்லுதீரா? துரை மொதல்ல ஒம்மப் புடுங்குவாருவே. ரோட்டுல ஒதுங்கிப் போவத் தெரியாதவளுக்கு எதுக்கு மலை?"

நான் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிப் பொரிந்தபோது பக்கத்து அறை இசக்கி வாசலில் உட்கார்ந்து தலை ஆற்றிக்கொண்டிருந்தாள். கொழுந்துக் கூட்டத்தில் அவளுக்குத்தான் வாய் நீளம். கங்காணி சொன்னது சரிதானே என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் நிதானமாகச் சொன்னாள்:

"ஒதுங்கணும்னுதானே சொல்லுதாவ, அண்ணாச்சி. ஒதுங்கிருவோம். எடம் கெடைக்கிற எடத்துல போயி ஒதுங்குவோம்."

பேச்சி காலை நீவிக்கொண்டே, விழுந்த நாளுக்குப்பின் முதல் தடவையாகச் சிரித்தாள். மறுநாள் காலை பிரட்டில் வரிசையாக நிறுத்தி ஆள் கணக்கு எடுத்து முடிவதற்குள் சங்கதி எல்லாப் பெண்களுக்கும் பரவிவிட்டது.

நான் அன்று கடையைச் சாத்திவிட்டு, சைக்கிளை வளைவுக்கு மேலே ஒரு பாறையில் சாய்த்து வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். கூடைகளோடு பெண்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம். எல்லாரும் பணிவாகத் திரும்பிப் பார்த்தார்கள். ஓடைப் பக்கம் குனிந்தார்கள், வெள்ளம். பள்ளத்துப் பக்கம் குனிந்தார்கள், பெயர்ந்த மண். ஒதுங்க இடமில்லை. ஆகவே இடம் கிடைக்கும்வரை முன்னால் நடந்தார்கள், மிகவும் மெதுவாக, துரைக்கு முன்னால் வேகமாக நடப்பது மரியாதை இல்லை அல்லவா. சின்ன துரை ஹாரனை அழுத்தினார். இன்னும் பணிந்தார்கள். கடைசியில் ரோடு அகலமான இடம் வந்தது. அங்கே ஒவ்வொருத்தியாக ஒதுங்கி, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சலாம் போடுவது தப்பு என்று அதை இறக்கி வைத்து, கம்பளியை உதறி மடித்து, சலாம் போட்டாள். ஒருத்தி போட்டு முடித்தபிறகே அடுத்தவள். பேச்சி கடைசி. நொண்டிக் காலோடு ஒதுங்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். சின்ன துரையின் முகம் பழுத்த மிளகாய் மாதிரி ஆனதை நான் பாறைமேலிருந்து கண்குளிரப் பார்த்தேன். ஊரில் பார்த்த எந்தக் கூத்தும் அவ்வளவு இனிக்கவில்லை.

அப்படியே நாளும் நடந்தது, போகும்போதும் வரும்போதும். தேயிலைக் காரியம் தெரிந்தவர்களுக்குச் சொல்லவேண்டாம், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பறித்த கொழுந்து காலத்தில் பாக்டரி மாடிக்குப் போய்ப் பரப்பப்படவேண்டும். கூடையில் அமுங்கிக் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும்; அப்புறம் அது குப்பை. கூடை கூடையாகச் சிவந்தது. பெரிய துரை கங்காணியைக் கூப்பிட்டுக் குதித்தார். ஏன் தாமதம் என்றால் கங்காணி என்ன சொல்வார்? மரியாதை கூடிப்போய்விட்டது என்றுதான் சொல்லவேண்டும். சொன்னாராம். யாரைத் தண்டிப்பது, எதற்காக? சலாம் போட்டதற்காகவா? பெரிய துரைக்குச் செடி பெரிது. ஆனால் கொழுந்து அதைவிடப் பெரிது. அவரே வந்து மழையில் நின்று தேயிலைக்குள் நடைபாதைக்குக் கயிறு பிடிக்கவைத்தார். ஒரு வரிசைச் செடி வேரோடு வந்தது. அதைப் பிடுங்கும் வேலையைக் கங்காணி ஆட்கள்தான் செய்தார்கள். நான் கடைக்குப் போகாமல் நின்று பார்த்தேன். ஒவ்வொரு செடி வந்தபோதும் பேச்சியின் கணுக்காலை நினைத்துக்கொண்டேன். போதவில்லை. இன்னும் இரண்டு வரிசை பிடுங்கியிருக்கலாம் என்று பட்டது.

பாதை வந்தது. ஓர் ஆள் அகலம். மோட்டார் வராது, குடை மடக்க வேண்டியதில்லை. பெண்கள் பேசிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். ஏலப்பாறையில் முதல் தடவையாக நானும் அதில் சைக்கிள் ஏறிப் பார்த்தேன். செடிகளுக்குள் எங்கே விழுந்தேன் என்பதை இசக்கி இன்றும் வருகிறவர்களுக்குக் காட்டுகிறாள்.

ஆனால் என் பழி தீரவில்லை. சின்ன துரை ரோட்டில் ராஜாவாகத்தான் போய்க்கொண்டிருந்தார். பாதை வந்ததில் அவருக்கு என்ன நஷ்டம்? இன்னும் வேகமாகப் போனார். எனக்கு வேண்டியது அவர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எங்களுக்கு ஒதுங்குவது. ஐப்பசியில் அதற்கும் வேளை வந்தது. மலை சரிந்து வளைவையே மூடிவிட்டது. ரோட்டில் பூனைகூடப் போக முடியாது. நானும் பேச்சியும் பாக்டரிப் பக்கமிருந்து பாதையில் ஏறிக்கொண்டிருந்தோம். அவள் கம்பு ஊன்றி முன்னால், நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால். கிழக்கே மட்டும் மேகம் விலகி ஒரு கீற்று வெயில் கிடந்தது. மழை இல்லாத அந்த வெளிச்சத்துக்கு அடியில்தான் எங்கள் ஊர் இருக்கிறது. பேச்சி நின்று அதைப் பார்த்தாள். அப்போது மேலிருந்து சின்ன துரை நடந்து வந்தார், தனியாக, நான் தைத்த கால்சட்டை முழங்கால்வரை சேறாக.

பாதையில் இரண்டு பேர் விலக இடமில்லை. இரண்டு பக்கமும் நனைந்த செடி. ஒவ்வோர் இலைக்கடியிலும் அட்டை. ஒதுங்குகிறவன் கால் அட்டைக்குத் தீனி. ஒதுங்காதே, நில்லு என்று பேச்சியிடம் கிசுகிசுத்தேன். சைக்கிளைப் பாதைக்குக் குறுக்கே திருப்பிப் பிடித்தேன். வா ராசா, வா.

பேச்சி அவரைப் பார்த்தாள். அவருடைய பூட்ஸைப் பார்த்தாள். கம்பை ஊன்றிச் செடிக்குள் ஒதுங்கி நின்றாள். சரி, நானாவது நிற்கிறேன் என்று பல்லைக் கடித்தேன். அவர் அருகே வந்ததும் என் வலது கை என்னைக் கேட்காமல் தலைத்துண்டை உருவியது. இடது கை சைக்கிளை விட்டுவிட்டது. சைக்கிள் செடிக்குள் விழ, அதன்மேல் நான் விழுந்தேன். சின்ன துரை தாண்டிப் போனார். போகும்போது பேச்சியைப் பார்த்துத் தொப்பியைக் கொஞ்சம் தொட்டது மாதிரி இருந்தது. மழைத் தண்ணீரை வழித்தாரோ என்னவோ.

அவர் மறைந்தபிறகு எனக்கு வீரம் திரும்பி வந்தது. சக்கரத்துக்கு அடியில் கிடந்தபடியே கத்தினேன். இது யார் பாதை, யார் காலை ஒடித்து வந்த பாதை, அவனுக்குப் போய் நீ ஒதுங்கலாமா என்று கேட்டேன். பேச்சி குனிந்து, கோணல் கணுக்காலில் ஏறியிருந்த அட்டையை நகத்தால் கிள்ளி எறிந்தாள். கம்பை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"அவனும் நடந்துதானே வந்தான்."