எறும்பை நம்பிய அம்மாசி

ஸ்ரீரங்கத்துக்குத் தெற்கே, காவிரி வற்றும் கோடையில் ஆற்று மணலிலேயே குடிசை போட்டு வெள்ளரி பயிரிடுவது அம்மாசியின் பிழைப்பு. வெள்ளம் வருவதை அவருக்கு எறும்புதான் சொல்லும். மேற்கே மழை பிடித்து இங்கே காற்று ஈரமானதும் எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு கரையேறும். அவரும் பானை சட்டியோடு பின்னாலேயே ஏறுவார். இருபது வருஷமாக இது தப்பியதில்லை.

மேட்டூரில் அணை கட்டி முடித்த மறுவருஷம் கரையில் தண்டோரா போட்டார்கள். அணையைத் திறந்து வெள்ளிக்கிழமை தண்ணீர் வருகிறதாம்.

"நாள் பாத்து வர்றதுக்கு அது என்ன ரயிலா?" என்று சிரித்தார் அம்மாசி. "எறும்பு ஒண்ணுகூட அசையலையே!"

"அப்ப நீங்க எறும்போடயே இருங்க," என்று அவர் மனைவி வேலம்மாள் ஆட்டை இழுத்துக்கொண்டு கரையேறிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை வானத்தில் பொட்டு மேகமில்லை. தண்ணீர் மட்டும் நுரைத்துக்கொண்டு வந்தது. கூரைமேல் தாவிய அம்மாசி குடிசையோடு மிதந்தார். வெள்ளரிக்காய்கள் குதித்தாடிக்கொண்டு கூடவே வந்தன. படித்துறையில் குளித்தவர்கள் தெப்ப உற்சவம் பார்ப்பதுபோல் கைதட்டினார்கள். பயம் போய் அவருக்கும் சிரிப்பு பீறிட்டது. எல்லோருக்கும் கும்பிடு போட்டார்.

அப்போது தொடையில் சுருக்கென்றது. கூரை முழுக்க எறும்புகள், வாயில் முட்டையோடு.

"ஏங்க, உங்களுக்கும் தண்டோரா கேக்கலையா?" என்றார் அம்மாசி.