வினாத்தாளில் இல்லாத கேள்வி

தாதியர் பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் ஆளுக்கொரு ஆய்வு செய்ய வேண்டும். நான் ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெண்களைத் தேர்ந்தெடுத்தேன். நானே தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்த பிள்ளை, எனக்குத் தெரியாததா என்ற திமிர் வேறு. ‘வேலை நேரத்தில் சிறுநீர் கழிக்கச் சிரமப்படுகிறீர்களா?’ என்பதுதான் முக்கியக் கேள்வி. கொழுந்து பறிக்கும் மலையில் கக்கூஸ் கிடையாது. ஆனாலும் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று நான் கேட்டபோது அநேகமாக எல்லோரும் ‘இல்லை’ என்றார்கள். ‘இல்லை’ கட்டத்தில் சரி போட்டுக்கொண்டே போனேன். பெரிய சிரமம் இல்லை என்று முடிவெழுதினேன். விரிவுரையாளர் பாராட்டினார், நல்ல புள்ளியும் கிடைத்தது.

மறுவருடம் நான் வேலைக்குச் சேர்ந்த வார்டுக்கு அந்தப் பெண்களில் ஒருவர் வந்தார். சிறுநீரில் கிருமி, காய்ச்சலில் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

“தண்ணி நிறையக் குடிக்கணும் அக்கா” என்றேன்.

“மலைக்குப் போற நாள்ல எங்க மிஸ் குடிக்கிறது? குடிச்சா ஒதுங்க எடம் வேணுமே. காலையில ஒரு வாய் தேத்தண்ணி, அதோட சரி.”

“அன்னைக்கு நான் கேட்டப்போ சிரமம் இல்லன்னு சொன்னீங்களே?”

“குடிக்காதவளுக்கு என்ன சிரமம்? தண்ணி குடிக்கிறீங்களான்னு நீங்க கேக்கவே இல்லையே.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தெரியாமல் விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. வினாத்தாளோடு அந்த மலைக்கு ஏறிய நாட்களில், ஒதுங்க இடமிருக்காதே என்று நானும் காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடித்ததில்லை.