நானும் மச்சானும் ஒரே அணியான கதை

எனக்கும் என் மச்சானுக்கும் பேசிக்கொள்ள ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. அதை ஒரு கம்பெனி வாங்கிவிட்டது.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. திருவொற்றியூர்க்காரன், தொழிற்சாலையில் வெல்டர். நான் ராயபுரம். துறைமுகத்தை ஒட்டிய கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம் ஒன்றில், யாரோ யாருக்கோ அனுப்பும் சரக்குக்குத் தாள் தயாரித்துத் தயாரித்து ஆயுளில் பாதியைக் கழித்தவன். அவன் புத்தகத்தைத் தொடமாட்டான், நான் ஸ்பேனரைத் தொடமாட்டேன். அவன் பாட்டுக் கேட்டால் தெருவே கேட்க வேண்டும், எனக்கு மின்விசிறிச் சத்தமே அதிகம். இப்படிப்பட்ட இரண்டு பேரை ஒரே குடும்பத்தில் போட்டால் நாலு தீபாவளிக்குள் உறவு நலம் விசாரிப்பதோடு நின்றுவிடும். எங்கள் உறவு நிற்கவில்லை. காரணம் பகை.

ராயபுரத்தில் எங்களுக்கு ஒரு கால்பந்து சங்கம் இருந்தது, திருவொற்றியூரில் அவர்களுக்கு ஒன்று. இரண்டுமே கோப்பைகளுக்குப் பிறந்தவை அல்ல. நகர லீக்கில் ஒரு வருஷம் மேலே, இரண்டு வருஷம் கீழே என்று பிழைப்பை ஓட்டியவை. ஆனால் வருஷத்துக்கு இரண்டு தடவை ஒன்றோடொன்று மோதும். மற்ற ஆட்டங்களையெல்லாம் இந்த இரண்டுக்கு ஒத்திகையாகத்தான் ஆடினார்கள் என்பது என் கணிப்பு. ஆடியதைப் பார்த்தவர்கள் ஒத்திகை என்றுகூட ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நான் பெண் பார்க்கப் போன அன்று மாமனார் சம்பளத்தைக் கேட்டார், மாமியார் நட்சத்திரத்தைக் கேட்டார். அப்போதுதான் மீசை அரும்பியிருந்த இவன் மூலையிலிருந்து, "எந்த டீமு?" என்று கேட்டான். சொன்னேன். விருட்டென்று உள்ளே போனான். "வேணாங்கா, இவுரு மீன்பொட்டிப் பார்ட்டி" என்று அவன் அக்காவிடம் சொன்னது கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

மீன்பொட்டி என்பது அவர்கள் எங்களுக்கு வைத்த பெயர். மீன்பிடித் துறைமுகத்தின் வாசனை எங்கள் மைதானத்தில் பன்னிரண்டாவது ஆட்டக்காரனாக இறங்கும். நாங்கள் அவர்களுக்கு வைத்த பெயர் சிலிண்டர். மணலி ஆலைகள் பக்கத்திலிருந்து காற்று திரும்பினால் அவர்கள் மைதானத்தில் பந்து தெரியாது, கண்ணில் தண்ணீர்தான் தெரியும். இரண்டில் எந்த நாற்றம் உசத்தி என்பதை நானும் மச்சானும் பல வருஷம் விவாதித்திருக்கிறோம்.

"எங்க நாத்தம் கடவுள் குடுத்ததுடா" என்பேன்.

"இருக்கட்டும் மாமு. எங்க நாத்தத்துக்கு லைசென்சு கீது" என்பான்.

அக்காவின் புருஷனை 'வாங்க மாமா', 'போங்க மாமா' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது என் மாமியார் போட்ட சட்டம். கால்பந்து வாய்க்குள் வந்த நொடியில் அந்தச் சட்டம் ரத்தாகிவிடும். 'யோவ் மாமு' என்பான், 'நீ' என்பான், 'மூடு' என்பான். அலுவலகத்தில் நான் சார், தெருவில் அண்ணே, வீட்டில் இன்னாங்க. உலகத்தில் என்னை யோவ் என்று கூப்பிட ஒரே ஒருவன் இருந்தான். அதன் அருமை அப்போது தெரியவில்லை. படித்தவனுக்கு எதுவும் அதனதன் நேரத்தில் தெரிவதில்லை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. இரண்டு அணிகளும் மோதிய மறுநாள் காலையில் ஜெயித்தவன் தோற்றவன் வீட்டுக்குப் போவான். தோற்றவன் தன் கையால் டீ போட்டுக் கொடுக்க வேண்டும். மனைவிமார் அடுப்புப் பக்கம் வரக்கூடாது. டீயைப் பற்றி ஜெயித்தவன் என்ன சொன்னாலும் தோற்றவன் வாயைத் திறக்கக்கூடாது. இதை யார் ஆரம்பித்தது என்று எங்கள் இருவருக்குமே நினைவில்லை. அனேகமாக அவன்தான். நான் இவ்வளவு நல்லதாக எதையும் யோசித்தவன் இல்லை.

ஒருமுறை நாலு கோல் வாங்கித் தோற்றோம். மறுநாள் விடிந்தும் விடியாமல் லுங்கியோடு வந்து நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"யோவ் மாமு, இன்னா இது? உங்க டிஃபன்ஸ் மாதிரி தண்ணியா கீது."

நான் வாயைத் திறக்கவில்லை.

"அக்கா, இத்த வடிகட்டவே இல்ல பாரு. வந்தது எல்லாத்தையும் உள்ள வுட்டுகினு கீறாரு. நேத்து அவுங்க கோல்கீப்பரும் அதே வேலதான் பாத்தான்."

"ரெண்டு பேரும் மாத்தி மாத்தி தோத்துகினே இருங்க" என்றாள் என் மனைவி. "எனக்கு ஒரு வேள டீயாச்சும் மிச்சம்."

என் அப்பா இறந்தபோது வந்தவர்களெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு வயசு, காலம், ஆண்டவன் என்று ஏதேதோ சொன்னார்கள். இவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். என் காதருகே குனிந்தான். "மாமு, உங்கப்பாவுக்காவ அடுத்த மேட்ச வுட்டுக் குடுங்கடான்னு எங்க பசங்களாண்ட கேட்டேன். ஒத்தன் கூட ஒத்துக்கல." எனக்குக் கிடைத்த துக்க விசாரிப்புகளில் உருப்படியானது அது ஒன்றுதான். என் அப்பா கேட்டிருந்தால் பாடையிலேயே சிரித்திருப்பார். அந்த மேட்சில் அவர்கள்தான் ஜெயித்தார்கள். நான் டீ போட்டேன். அன்றைக்கு மட்டும் டீயைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு கம்பெனி வந்தது.

என்ன கம்பெனி, என்ன செய்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கைப்பேசியில் ஏதோ செய்கிறார்கள். இரண்டு சங்கத்திலும் பொறுப்பில் இருந்த பெரியவர்களுக்கு வயதாகிவிட்டிருந்தது, இரண்டு மைதானத்திலும் விளக்கு இல்லை. பெரிய லீக்குக்குப் போக வேண்டுமானால் இரண்டையும் ஒன்றாக்கினால்தான் முடியும் என்று யாரோ சொல்ல, யாரோ தலையாட்டியிருக்கிறார்கள். எங்களுக்குக் கடைசியில்தான் சொன்னார்கள். தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு, கேசரி கொடுத்துச் சொன்னார்கள்.

மண்டபம் என்றால் மனிதர்களுக்குப் பழக்க தோஷம். ராயபுரத்துக்காரர்கள் இடது பக்கம் மாப்பிள்ளை வீடாகவும், திருவொற்றியூர்க்காரர்கள் வலது பக்கம் பெண் வீடாகவும் தானாகவே பிரிந்து உட்கார்ந்தார்கள். மேடையில் மணமக்கள் இருக்க வேண்டிய இடத்தில் கோட்டு போட்ட இளைஞர் ஒருவர் நின்றிருந்தார். திரையில் புதுச் சட்டையைக் காட்டினார். எங்கள் நிறம் பச்சை, அவர்களுடையது சிவப்பு. இரண்டையும் கலந்தால் சாணி நிறம் வரும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்க வேண்டும், ஆரஞ்சு என்று முடிவு செய்திருந்தார்கள். "உங்க உணர்வுகளை நாங்க ரொம்ப மதிக்கிறோம்" என்றார். உணர்வை மதிக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அதன் மேல் லாரியை ஏற்றப்போகிறார் என்று பொருள். அலுவலக வாழ்க்கையில் நான் கற்றதே அது ஒன்றுதான்.

கேள்வி உண்டா என்று கேட்டார். வலது பக்கத்தில் மச்சான் எழுந்தான்.

"சேத்துட்டீங்க, சரி. இனிமே நாங்க யாரத் திட்றது?"

இளைஞர் சிரித்தார். இதற்குப் பதில் தயாராக வைத்திருந்தார். "சார், இனிமே இந்தியா முழுக்க உங்களுக்கு எதிரிங்க இருக்காங்க. கல்கத்தா, கோவா, கேரளா..."

"இந்தியா முழுக்க எனக்கு மாமா கீறாரா?" என்றான் மச்சான்.

இரண்டு பக்கமும் சிரித்தது. நானும் சிரித்தேன். இரண்டு ஊரும் சேர்ந்து சிரித்து அன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். கோட்டு இளைஞர் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது, அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்த சில மாதங்களில் விளக்கு வந்தது. எங்கள் மைதானத்துக்கு இல்லை, அவர்கள் மைதானத்துக்கும் இல்லை. ஊரின் தெற்குக் கடைசியில், கம்ப்யூட்டர் கம்பெனிகள் எல்லாம் முடிந்த பிறகும் கொஞ்ச தூரம் போனால் வரும் ஓர் அரங்கத்துக்கு. வடக்கே அணியின் பேருந்து வந்து சேர முடியாதாம், கண்டெய்னர் லாரிகள் வழிவிடாதாம். அந்த லாரிகளுக்கு நடுவில்தான் நாங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறோம். "தற்காலிக ஏற்பாடு" என்றார்கள். தொடக்கத்தில் அணியின் பெயரில் 'வட' என்று ஒரு சொல் இருந்தது. இரண்டாம் வருஷம் சட்டையில் இடம் போதவில்லை என்று அதையும் எடுத்துவிட்டார்கள்.

முதல் ஆட்டத்துக்கு நானும் மச்சானும் ஒன்றாகப் போனோம். அதுவரை நாங்கள் ஒன்றாக எந்த ஆட்டத்துக்கும் போனதில்லை. எதிரெதிர்ப் பக்கம் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக் கையை நீட்டிக் கத்தியதுதான் வழக்கம். அவன் வந்த மெட்ரோ பெட்டியிலேயே நான் வண்ணாரப்பேட்டையில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேச வேண்டுமே. சர்க்கரை அளவை எடுத்தோம், அது மண்ணடியில் முடிந்துவிட்டது. ரத்த அழுத்தத்தை சென்ட்ரல் வரை இழுத்தோம். என் முழங்கால் வலி சைதாப்பேட்டை வரை தாக்குப்பிடித்தது. அதற்குப் பிறகு இருவரும் கதவுக்கு மேலே இருந்த ரயில் நிலையப் பட்டியலைப் படித்தோம். கிண்டியில் இறங்கிப் பேருந்து பிடித்தபோது நின்றுகொண்டு போக வேண்டியிருந்தது. பேச வேண்டியதில்லை என்பதால் இருவருக்குமே நிம்மதி.

அரங்கத்து வாசலில் மச்சான் கொண்டுவந்திருந்த தகர மேளத்தை வாங்கி வைத்துக்கொண்டு, தட்டினால் சத்தம் வரும் பிளாஸ்டிக் கைகளைக் கொடுத்தார்கள். கழுத்தில் அட்டை தொங்கிய ஒரு பெண் எங்கள் இருக்கையைக் காட்டினாள். அருமையான இருக்கை. முதுகைச் சாய்த்துக்கொண்டு யாரையும் திட்ட முடியாது என்பதை அதில் உட்கார்ந்த பிறகுதான் கண்டுபிடித்தேன்.

"எங்கேர்ந்து வரீங்க அங்கிள்?"

"ராயபுரம்" என்றேன்.

"திருவொத்தியூரு" என்றான் மச்சான்.

"அய்யோ, அவ்ளோ தூரத்துலேர்ந்தா! ரொம்ப தேங்க்ஸ் அங்கிள், எங்க டீமுக்கு சப்போர்ட் பண்ண வந்ததுக்கு."

எங்க டீம் என்றாள். நல்ல பெண். அவள்மேல் என்ன தப்பு.

பழைய ஆட்களில் இரண்டே பேரை வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் எங்கள் பச்சைச் சட்டையில் ஓரமாக ஓடி ஆடிய விங்கர். இன்னொருவன் அவர்களுடைய தடுப்பாட்டக்காரன். எங்கள் பையன்களின் கணுக்கால்களில் இவன் பூட்ஸ் படாத கணுக்கால் கிடையாது. அந்தக் கணுக்கால் உடைப்பான் பந்தை எடுத்து, எங்கள் விங்கருக்கு நீளமாக அனுப்பினான். விங்கர் இரண்டு பேரைத் தாண்டி கோல் போட்டான். பெரிய திரையில் 'சத்தம் போடுங்க' என்று எழுத்து ஓடியது. நானும் எழுந்தேன், மச்சானும் எழுந்தான். பழக்கத்தில் இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் கையை நீட்டிவிட்டோம். நீட்டிய கையை என்ன செய்வது? கட்டிப்பிடிக்கலாம். என் கல்யாணத்தன்றே கட்டிப்பிடிக்காதவர்கள் நாங்கள். கடைசியில் கை குலுக்கிக்கொண்டோம், ஏதோ சரக்கு கைமாறியது போல.

"நல்ல கோலு மாமா" என்றான்.

யோவ் இல்லை, மாமு இல்லை. கால்பந்தைப் பற்றிப் பேசும்போது அவன் வாயிலிருந்து மாமியாரின் சட்டப்படி சொல் வந்தது அன்றுதான் முதல் தடவை. நான் பிளாஸ்டிக் கைகளை எடுத்துத் தட்டினேன்.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. கூப்பிட்டால், "நீங்க போய்ட்டு வாங்க மாமா, எனக்கு ஓவர்டைம் கீது" என்றான். வீட்டுக்கும் வரவில்லை. எதற்கு வருவான்? தோற்க யாரும் இல்லை, ஜெயிக்கவும் யாரும் இல்லை. பொங்கலுக்கு வந்தான், குழந்தைகளுக்குப் பழம் வாங்கி வந்தான், சோபாவின் விளிம்பில் உட்கார்ந்து காபியைப் பாராட்டினான். என் மனைவிக்கு ஏக சந்தோஷம். "இப்பத்தான் ரெண்டு பேரும் மனுசங்க மாதிரி நடந்துக்கறீங்க" என்றாள்.

விடக்கூடாது என்று ஒரு காரியம் செய்தேன். அவனுக்குக் கோபம் வரவழைக்க உலகத்திலேயே மோசமான செயல் எது என்று யோசித்து, கம்பெனியின் ஆரஞ்சுச் சட்டை ஒன்றை வாங்கினேன். எனக்கு ஐம்பதைத் தாண்டிய வயிறு. சட்டையைத் தைத்தவர்கள் ரசிகனுக்கு வயிறு உண்டு என்று கேள்விப்பட்டதே இல்லை. அதைப் போட்டுக்கொண்டு பட்டப்பகலில் திருவொற்றியூரில் இறங்கி அவன் தெருவில் நடந்தேன். டீக்கடை வாசலில் ஒருவர், "இன்னா நைனா, எந்த வூட்டுக்குப் பிரியாணி டெலிவரி?" என்றார். சிரித்தார்கள். பாதி தூரம் வரை எனக்குத் தெம்பாக இருந்தது. இந்த ஊரில் இன்னும் திட்டுவதற்கு ஆள் இருக்கிறது.

மச்சான் கதவைத் திறந்தான். சட்டையைப் பார்த்தான். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தான். நான் காத்திருந்தேன்.

"வாங்க மாமா. நல்லா கீது. உங்களுக்கு செட் ஆவுது."

"டேய், என்னடா நல்லா கீது? நான் கட்சி மாறிட்டேன்டா. கம்பெனிப் பக்கம் போயிட்டேன்."

"அதனால இன்னா மாமா. புடிச்சா பாக்க வேண்டியதுதான்."

"உங்க சிலிண்டர் டீம் எந்தக் காலத்துலயும் எங்களுக்கு ஈடே இல்ல. ரெஃபரியக் கையில போட்டுகினு ஜெயிச்ச பசங்க நீங்க."

அவன் கொஞ்சம் யோசித்தான். உதடு ஒரு பக்கம் கோணியது. வந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு உதடு நேரானது.

"ஆமா மாமா. உங்க டீமு நல்ல டீமு" என்றான்.

அவன் மனைவி காபி கொண்டுவந்தாள், சர்க்கரை கம்மியாகப் போட்டிருப்பதாகச் சொன்னாள். என் சர்க்கரை அளவை மச்சான் விசாரித்தான், சொன்னேன். அவனுடையதை நான் விசாரித்தேன், சொன்னான். கிளம்பியபோது வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் தன் சட்டையை மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலை வரை கூட வந்தான். ஷேர் ஆட்டோவை நிறுத்தி, உள்ளே இருந்தவர்களைத் தள்ளி உட்காரச் சொல்லி எனக்கு ஓரத்தில் இடம் வாங்கிக் கொடுத்தான். "பெரியவரு, பாத்து ஓட்டுப்பா" என்று ஓட்டுநரிடம் சொன்னான்.

"பாத்துப் போங்க மாமா."

ஆட்டோ நகர்ந்த பிறகும் அங்கேயே நின்று கை ஆட்டினான். ஒரு கண்டெய்னர் லாரி வந்து மறைக்கும்வரை ஆட்டிக்கொண்டிருந்தான். நானும் ஆட்ட வேண்டியதாயிற்று.