கஸ்பார் பூசிய வெள்ளை வளையம்

கஸ்பாருக்கு வயது அறுபத்தொன்று. சிலிபின் என்ற ஊரில் வீடு. பத்தொன்பது ஆண்டுகள் ரப்பர் மரம் சீவியவர். தோட்டம் எண்ணெய் தரும் செம்பனைக்கு மாறிய பிறகு மலையடிவாரத்துச் சரணாலயத்தில் காவல் வேலைக்குச் சேர்ந்தார். பன்றி போன்ற தப்பிரின் குளம்படியையோ காட்டெருமையின் சாணத்தையோ பார்த்தால், அது எத்தனை மணிக்குக் கடந்தது என்று சொல்லிவிடுவார்.

சென்ற ஆண்டு மார்ச் 11ஆம் தேதி, சாலையோர மரம் ஒன்றின் பொந்தில் பெண் இருவாச்சி முட்டையிடப் புகுந்து, வாயிலைச் சேற்றால் அடைத்துக்கொண்டது. அலகு நுழையும் பிளவு மட்டும் மிச்சம். ஆண் பறவை கொண்டுவந்து ஊட்டாவிட்டால் உள்ளே பட்டினிதான். கஸ்பார் அந்த மரத்தைச் சுற்றி வெள்ளைச் சாயம் பூசினார். அவர் வேலை செய்த தோட்டத்தில், வெள்ளை வளையம் போட்ட மரத்தில் யாரும் கத்தி வைக்க மாட்டார்கள்.

ஏப்ரல் 22, காலை 9.35. ரம்பச் சத்தம் கேட்டு ஓடிவந்தார். சாலையோரத்து ஆபத்தான மரங்களை வெட்டக் குத்தகை எடுத்தவர்களின் ஆட்கள் நால்வர் நின்றார்கள். வெட்ட வேண்டிய மரத்துக்கு அவர்களிடம் அடையாளம் வெள்ளை வளையம். வளையம் தான் பூசியது, பொந்துக்குள் பறவை இருக்கிறது என்று சொல்லி, கஸ்பார் மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

"நீங்களே பெயிண்டு அடிச்சிட்டு, நீங்களே கட்டிப்பிடிச்சா எப்படி லா அண்ணே?" என்றார் அவர்களில் மேற்பார்வையாளரான மண்டோர் ஸைஃபுல்.

அலுவலகத்தைக் கூப்பிடக் கைப்பேசியில் லைன் இல்லை. பொந்து எண்பது அடி உயரத்தில் இருந்தது. உள்ளே பறவை இருப்பது கீழிருந்து தெரியாது. ஆண் பறவை வந்தால் நம்புவதாகவும், பத்தரைக்கு மேல் காத்திருக்க முடியாது என்றும் ஸைஃபுல் சொன்னார்.

பத்து ஆயிற்று. பத்தேகால். வரவில்லை. ரம்பக்காரர் எழுந்து கையுறையை மாட்டினார். அப்போதுதான் கஸ்பார் அவர்களுடைய உடையைக் கவனித்தார். நால்வரும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறச் சட்டை அணிந்திருந்தார்கள்.

"தம்பி, சட்டையக் கழட்டிட்டுப் புதருக்குப் பின்னால வாங்க. உங்களப் பாத்துத்தான் அது வர மாட்டேங்குது."

கழற்றினால் முதலாளி தன்னை வேலையிலிருந்தே கழற்றிவிடுவார் என்று முணுமுணுத்தபடி, முதலில் கழற்றியவர் ஸைஃபுல்தான்.

10.28க்குத் தலைக்கு மேலே சிறகுகள் காற்றை அறையும் ஓசை கேட்டது. ஆண் இருவாச்சி பொந்தருகே அமர்ந்து, தொண்டையிலிருந்து அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக வரவழைத்துப் பிளவில் நீட்டியது. உள்ளிருந்து ஓர் அலகு நுனி வந்து வாங்கிக்கொண்டது. பதினேழு பழங்கள்.

பறவை போனதும் ஸைஃபுல் ரம்பத்துக்கு உறை போடச் சொன்னார். பிறகு லாரியின் கதவைத் திறந்து பிடித்தார்.

"ஏறுங்க அண்ணே. இன்னும் நாலு மரம் இருக்கு. மேல பாத்துச் சொல்லுங்க, அப்புறம் வெட்டுறோம்."