அத்தைக்குத் தாள் புரட்டிய அன்று

பிள்ளைகளா, ஜெர்மனியில் உங்கள் அத்தை பியானோ வாசித்த கச்சேரியைக் காலையில் போனில் கேட்டோமே, நடுவில் 'சர்ரக்' என்று வந்ததே, அது பக்கத்தில் நிற்பவர் இசைத்தாளைப் புரட்டும் சத்தம். ஒருநாள் அந்த வேலையை நான் பார்த்தேன்.

அத்தை அப்போது பசுமலையில் பிளஸ் டூ படித்தாள். பள்ளிக்கூட ஹாலில் ஒரு பழைய பியானோ. மூடியைத் திறந்தால் அந்துருண்டை வாசம் அடிக்கும். அன்றைக்கு அவள் வாசிப்பதைக் கேட்கச் சென்னை இசைப்பள்ளியிலிருந்து ஒரு சார் வந்திருந்தார். அவருக்குப் பிடித்தால் அங்கே போய்ப் படிக்கலாம். இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தோடு பியானோவும் முடிந்தது.

"நான் தலைய ஆட்டுனா ஒரு தாளப் புரட்டு. எச்சி தொடாதடா," என்றாள் அத்தை.

"நான் என்ன கன்னுக்குட்டியாக்கா, நக்குறதுக்கு?"

சொன்னேனே தவிர, அவள் தலையை ஆட்டியதும் விரல் தன்னால் நாக்குக்குப் போய்விட்டது. இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு சேர்ந்து புரண்டன. அத்தை கண்ணை மூடிக்கொண்டு, விட்டுப்போன பக்கங்களை ஓர் இடம் தடுக்காமல் வாசித்து முடித்தாள்.

"தாளே இல்லாம எப்படிம்மா வாசிச்ச?" என்று கேட்டார் சார்.

"இவன் இப்படித்தான் செய்வான்னு தெரியும் சார். அம்புட்டையும் மனப்பாடம் பண்ணிட்டுத்தான் வந்தேன்."

அவர் சிரித்துவிட்டார். "அடுத்த மாசம் சென்னைக்கு வந்துரும்மா," என்றார்.

அத்தை டீச்சரிடம் சொல்ல ஓடினாள். ஹாலில் நான் மட்டும் நின்றேன். அங்கே அக்காவுக்கு யார் புரட்டுவார்களோ என்று யோசித்தேன். ஒட்டிய தாள்களைப் பிரித்து, அக்காவின் இசைப் புத்தகத்தில் ஒவ்வொரு தாளின் மூலையையும் தனித்தனியாக மடித்துவைத்தேன்.