வெள்ளிமலை பியானோவும் ராமாயியின் விதைச்சாமையும்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் முப்பது வருஷம் ஆர்மோனியம், கீபோர்டு ரிப்பேர் பார்த்தவன் நான். பியானோ தொட்டது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் ஒன்றை நான் பார்த்த லட்சணத்துக்கு, ஒரு குடும்பத்தின் விதைப்பே பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

வெள்ளிமலையில் ஒரு விடுதிப் பள்ளி. யாரோ நன்கொடையாகக் கொடுத்த நெஞ்சுயர பியானோ ஹாலில் கிடந்தது. ரிப்பேர் பண்ணுவதா, தள்ளிவிட்டுக் கீபோர்டு வாங்குவதா என்று சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மலைப்பாதையில் ஜீப் சுற்றிய சுற்றில் எனக்குத் தலை கிறுகிறுத்தது. கட்டைகளை அழுத்தினேன். எல்லாம் தொளதொளவென்று இறங்கின, சத்தமே இல்லை. மேல்மூடியைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். அதன்மேல் பழைய நோட்டு மூட்டைகள். யார் இறக்குவது?

“உள்ள மொத்தமும் போச்சுங்க டீச்சர். கீபோர்டு வாங்கிடுங்க,” என்றேன் தலைமையாசிரியையிடம், பெரிய டாக்டர் மாதிரி.

காய்கறி இறக்க வந்த மினி லாரி வாசலிலேயே நின்றது. அதிலேயே ஏற்றிச் சின்னசேலம் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பச் சொல்லிவிட்டார் தலைமையாசிரியை. நாலு பேர் கை வைத்ததும், பள்ளியில் சமைக்கும் ராமாயி அக்கா கரண்டியோடு ஓடி வந்தார்.

“இன்னா சார், தொறந்துகூட பாக்காம செத்துப்போச்சுன்றீங்க? ரிப்பேர் பண்ணுங்க.”

மலைமேல் இப்படி ஒரு சங்கீதப் பிரியையா என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. “பியானோன்னா உங்களுக்கு அவ்ளோ இஷ்டமாங்க?”

“அத்த யாரு கேட்டா? உள்ள என் வெதைச்சாமை கீது.”

அவரே மூட்டைகளை இறக்கி மூடியைத் தூக்கினார். கம்பியை அடிக்கும் ஹாமர்களின் மேல் வரிசையாகத் துணி முடிச்சுகள், பதினேழு. எல்லா ஹாமரையும் அவை கம்பியோடு அழுத்திப் பிடித்திருந்தன. பிறகு எப்படிச் சத்தம் வரும்?

“வூட்ல எலி ஜாஸ்தி சார். இதுல எலி பூந்தா கம்பி கத்தும். சமைச்சிக்கினே தெரிஞ்சிக்கலாம். மழை பேஞ்சா வெதைக்க இத்த வுட்டா ஒரு புடி கெடையாது.”

கோபப்பட வாயெடுத்த தலைமையாசிரியை சிரித்தே விட்டார். நான் வெட்கத்தோடு முடிச்சுகளை எடுத்தேன். ஹாமர்கள் படபடவென்று பின்னால் வந்தன. ஒரு கட்டையை அழுத்தினேன், ணங்கென்றது. சுருதி கன்னாபின்னா, ஆனால் உயிர் இருந்தது. பிள்ளைகள் பாய்ந்து வந்து இருபது கையால் அடித்தார்கள். லாரி டிரைவரும் சேர்ந்துகொண்டார். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

சுருதி சேர்க்க மூன்று நாள் ஆனது. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் இதை மட்டும் நினைவில் வையுங்கள்: வாய் திறக்குமுன் மூடியைத் திறங்கள்.

கிளம்பும்போது ராமாயி அக்கா மடி நிறைய முடிச்சுகளோடு நின்றார். “பொட்டி பேசுது, சந்தோஷம். மழை வர்ற வரைக்கும் இத்த எங்க சார் வெக்கறது?”

பெடலுக்கு மேலே இருக்கும் கீழ்ப்பலகையைக் கழற்றினேன். எந்த ஹாமருக்கும் இடிக்காத தாராளமான இடம். பதினேழும் உட்கார்ந்தன. தலைமையாசிரியை பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முப்பது வருஷத்தில் நான் செய்த உருப்படியான ரிப்பேர் அதுதான்.