ஏட்டய்யாவுக்கு விழுந்த ஓட்டுகள்

என் கணவர் பர்மாவில் பிறந்தவர். யுத்தம் வந்தபோது பதினோரு வயதில் காடும் மலையுமாக நடந்து, வழியில் தாயைப் பறிகொடுத்து, எங்கெங்கோ அலைந்து கடைசியில் காஞ்சிபுரத்தில் போலீஸ்காரரானார். ஏட்டு ஆன பிறகும் பிள்ளையார்பாளையத்தில் அவரைப் 'பர்மாக்காரர்' என்றுதான் சொன்னார்கள். அங்கேயே தறி வீட்டில் பிறந்த என்னைக் கட்டிக்கொண்ட பிறகும் அது மாறவில்லை.

லஞ்சம் வாங்காத ஏட்டு என்பதால் நகராட்சித் தேர்தலில் நிற்கச் சொல்லித் தெருக்காரர்கள் வந்து கேட்டார்கள்.

"இந்த ஊர் மனுஷன்னு ஆகறதுக்கு எனக்கு வேற வழி கிடைக்காது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, வேலையை ராஜினாமா செய்தார்.

மறு வாரமே ஒரு ஆள் வீட்டுக்கு வந்தான். தாமல் ஏரிப் பக்கம் கள்ளச்சாராயம் காய்ச்சி, என் கணவரிடம் இரண்டு முறை பிடிபட்டு ஜெயிலுக்குப் போனவன். யாரும் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ஏட்டய்யா, பழசெல்லாம் மறந்துட்டேன். உங்க வார்டு ஓட்ட நான் பாத்துக்கறேன்."

"நீ ஒண்ணும் பாக்க வேணாம். எழுந்து போ."

அவன் கோபப்படவில்லை. சிரித்தான். வாசலில் நின்று என்னைப் பார்த்து, "உங்க பொண்ணு எந்த இஸ்கூல்லமா படிக்குது?" என்று கேட்டுவிட்டுப் போனான். அன்றிலிருந்து அவளைப் பள்ளிக்கு நானே கொண்டுபோய் விட்டேன்.

என் கணவர் வீடு வீடாக ஓட்டுக் கேட்டார். அந்த ஆள் எங்கள் வீட்டுக்கு வந்துபோனதைப் பார்த்திருந்த தெருக்காரர்கள் யாரும் முகம் பார்த்துப் பேசவில்லை. தோற்றுவிடட்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். ஆனால் ஜெயித்தார், யாரும் எதிர்பார்க்காத வித்தியாசத்தில். மாலையோடு முதலில் வந்தது அந்த ஆள்தான்.

"நான் சொன்னேன், போட்டாங்க" என்றான்.

நிஜமா பொய்யா என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. என் கணவர் மாலையைத் தொடவில்லை. அன்று சாப்பிடவும் இல்லை.

அப்புறம் மதுவிலக்கை எடுத்தார்கள். எங்கள் பெண் படித்த பள்ளிக்கு எதிர்ச் சந்தில் சாராயக்கடை வைக்க அதே ஆள் மனு போட்டான். நகராட்சிக் கூட்டத்தில் ஆட்சேபணை சொன்னவர் என் கணவர் ஒருவர்தான்.

நான்காம் நாள், பட்டப்பகலில், திருப்பருத்திக்குன்றம் ரோட்டில் அவர் சைக்கிளை மறித்து அடித்தார்கள். முழங்கால் உடைந்தது. நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வழியில் ரிக்‌ஷாவை ஸ்டேஷனுக்குத் திருப்பச் சொன்னார். மேசையில் இருந்தவர் அவரோடு பல வருஷம் வேலை பார்த்த போலீஸ்காரர்.

"அடிச்சவங்க யாருன்னு தெர்லன்னு எழுதிக்கட்டுமாண்ணே?"

"தெரியும். பேர சொல்றேன், எழுதுபா."

"எனக்கும் புள்ளைங்க இருக்குதுண்ணே."

பேனா நகரவில்லை. என் தோளைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்று, பேனாவை வாங்கித் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சாட்சிக்கு ஒருவரும் வரவில்லை, வழக்கு நிற்கவில்லை. கடையும் அங்கேயே திறந்தது. ஆனாலும் பதவிக்காலம் முழுக்கக் காலை இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போய், ஒவ்வொரு முறையும் அந்தக் கடையைப் பற்றிக் கேட்டார். அவர் திரும்பி வரும்வரை நான் வாசலிலேயே நிற்பேன். தெருமுனையில் ரிக்‌ஷா திரும்பியதும், உள்ளே அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாரா என்றுதான் முதலில் பார்ப்பேன்.